தலைகீழ் பஸ்

மூன்றாம் வகுப்பு ‘அ’ பிரிவு டீச்சருக்கு ஒளிப் பாடம் என்றால் உயிர். மற்ற பாடங்களை ஏனோதானோவென்று நடத்துவார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லாவற்றையும் நன்றாகத்தான் நடத்துவார். ஆனால் ஒளிப் பாடம் வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். அன்றைக்கு மட்டும் இரண்டு பை கூடுதலாகத் தூக்கிக்கொண்டு வருவார். ஒன்றில் டார்ச் லைட், முகம் பார்க்கும் கண்ணாடி, எண்ணெய் தடவிய காகிதம், தண்ணீர் டம்ளரில் போட்டு உடைந்த மாதிரிக் காட்ட ஒரு நீளப் பென்சில். இன்னொன்றில் நடுவே ஓட்டை போட்ட மூன்று அட்டைகள். அந்த அட்டைகளுக்குப் பன்னிரண்டு வயது. மூலையெல்லாம் பிய்ந்து தொங்கும். புதிதாகச் செய்யலாமே என்று யாராவது சொன்னால் டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இந்த வருடமும் திங்கட்கிழமை மூன்றாம் பீரியட்டில் அட்டைகள் மேசை ஏறின. டீச்சர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி டார்ச்சை அடித்தார். மூன்று ஓட்டைகளும் ஒரே கோட்டில் இருந்ததால் வெளிச்சம் சுவரில் ஒரு பொட்டாக விழுந்தது. நடு அட்டையை ஒரு விரற்கடை நகர்த்தினார். பொட்டு காணாமல் போனது.

“எங்க போச்சு?”

“அட்ட மறச்சிடுச்சு டீச்சர்!”

“வளஞ்சு நெளிஞ்சு வரக் கூடாதா அது?”

“வராது டீச்சர்! நேராத்தான் வரும்!”

முப்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினால் டீச்சருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அந்தச் சந்தோஷத்தில், “சரி, வெளிச்சத்தால நீங்க வீட்டுல பாத்த அதிசயம் ஒண்ணு சொல்லுங்க” என்றார்.

முதலில் கை தூக்கியது அவசரக்குடுக்கை. எல்லாவற்றுக்கும் முதலில் கை தூக்கி, எழுந்து நின்ற பிறகு என்ன சொல்லலாம் என்று யோசிக்கிற பிள்ளை. கரண்டியில் தன் மூக்கு பெரிதாகத் தெரிந்த கதையைச் சொன்னான். இன்னொருத்தி, சுவரில் விழுந்த தன் நிழலைப் பார்த்துத் தானே பயந்த கதையைச் சொன்னாள். பிறகு ஜன்னலோரத்தில் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை மெதுவாக எழுந்தது. டவுன் பஸ் ஓட்டும் அம்மாவின் மகள் அவள். வருடத்துக்கு நான்கு முறை வாய் திறந்தால் அதிகம். அவள் கை தூக்கியதே டீச்சருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

“எங்க வீட்டுச் சுவத்துல தெனமும் காலைல பஸ் போகும் டீச்சர். தலைகீழா. சக்கரம் மேல இருக்கும், கூர கீழ இருக்கும். எங்க அம்மாதான் ஓட்டுவாங்க. மஞ்சத் துணி ஆட்டி எனக்கு டாட்டா காட்டுவாங்க.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவசரக்குடுக்கை பெஞ்சில் தலையை வைத்துக் காலை மேலே தூக்கி, “பாம் பாம்!” என்றான்.

இங்கேதான் டீச்சர் சறுக்கினார்.

“கனவு கண்டிருப்பம்மா” என்றார்.

“இல்ல டீச்சர். முழிச்சுக்கிட்டுதான் பாத்தேன்.”

“வெளிச்சம் நேராப் போகும்னு இப்பதானே பாத்தோம்? நேராப் போற வெளிச்சம் ஒரு பஸ்ஸ எப்படிக் கவுத்துப் போடும்? கத சொல்லணும்னா தமிழ்ப் பீரியட்ல சொல்லலாம். இங்க பொய் சொல்லக் கூடாது. உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். டீச்சர் எண்ணெய்க் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அன்று மதியத்துக்குள் அந்தப் பெண்ணுக்குப் ‘புளுகு பஸ்’ என்று பெயர் விழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தண்ணீர்க் குழாயடியில் யாரோ அப்படிக் கூப்பிட்டது டீச்சர் காதிலும் விழுந்தது. பிள்ளைகள் விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே போனார். பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியவருக்கு அந்தச் சிரிப்பு வந்திருக்கக் கூடாது. வந்தது, என்ன செய்வது.

புதன்கிழமை தலைமையாசிரியர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. உள்ளே அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு வார விடுமுறை. ஆனாலும் பழக்கதோஷமோ என்னவோ, நாற்காலியில் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“இவங்க பொண்ண ‘ஆ’ பிரிவுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க டீச்சர்” என்று தலைமையாசிரியர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். “வெள்ளிக்கிழம நான் பட்டியல் அனுப்பணும். உங்க கையெழுத்து வேணும்.”

“சண்ட போட வரல டீச்சர்” என்றார் அம்மா. “ரெண்டு நாளா கட்டிக் குடுத்த சாப்பாட்ட அப்படியே திருப்பிக் கொண்டு வர்றா. என்னடின்னா, வேற கிளாசுக்குப் போறேங்கறா. வேற ஒரு வார்த்த வாயிலேர்ந்து வரல. அவ அப்பாதான் மெல்ல மெல்லக் கேட்டு வாங்கினார்.”

டீச்சருக்கு இன்னும் பிடிபடவில்லை. “என்னம்மா ஆச்சு?”

“பஸ் போறது நெஜம் டீச்சர்.”

அம்மா கையைக் காற்றில் வைத்து விளக்கினார். “காலைல நான் டிப்போவுக்குக் கெளம்பும்போது அவ தூங்கிட்டிருப்பா. ராத்திரி நான் வர்றதுக்குள்ள பாதி நாள் தூங்கிடுவா. ஏழரைக்கு என் வண்டி எங்க வீட்ட ஒட்டிப் போகும். அவ ரூம் ஜன்னல் தகரத்துல ஒரு ஆணி ஓட்ட இருக்கு. அது வழியாத்தான் விழுது. லீவு நாள்ல நானே அவ பக்கத்துல படுத்துப் பாத்திருக்கேன். வேற டிரைவர் என் வண்டியத் தலைகீழா ஓட்டிட்டுப் போவார். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அவளுக்குக் காலைல நான் கெடைக்கறது அந்த ஒரு நிமிஷந்தான். அதப் போய்ப் பொய்யின்னுட்டீங்களே.” என்றவர் தொடர்ந்தார். “திங்கக்கிழம சாயங்காலமே அந்த ஓட்டையக் காகிதம் திணிச்சு அடச்சிட்டா டீச்சர்.”

தான் ‘உக்காரு’ என்று சொன்ன குரல் டீச்சருக்கே திரும்பக் கேட்டது. வெட்கமாக இருந்தது. நன்றாக, அடிவயிறு வரைக்கும் வெட்கமாக இருந்தது.

“வெள்ளிக்கிழம வரைக்கும் அவகாசம் குடுங்க” என்றார். “எப்படித் தலைகீழா விழுதுன்னு எனக்கே இன்னும் வெளங்கல. ஆனா அவ பொய் சொல்லலன்னு மொத்த கிளாசும் கண்ணால பாக்கணும். உங்க வண்டி இந்தத் தெரு வழியா வருமா?”

“பத்தே முக்காலுக்கு. தெருவோட எதிர்ப்பக்கமாப் போகும்.”

“மஞ்சத் துணி?”

“கண்ணாடி தொடைக்கற துணிதானே, எப்பவும் பக்கத்துலதான் கெடக்கும்” என்று அம்மா எழுந்தார். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, “வெள்ளிக்கிழம அவளே வேணாம்னா அந்தத் தாளக் கிழிச்சுப் போடுங்க சார். போறேன்னா போகட்டும். அவ மனசுதான்” என்றார்.

அன்று மாலை ஆறு மணிக்கு டீச்சர் சமையலறை மேசையில் ஒரு தாளை விரித்து உட்கார்ந்தார். இடது பக்கம் ஒரு பஸ் வரைந்தார். நடுவில் தகரம், தகரத்தில் ஒரு புள்ளி ஓட்டை. வலது பக்கம் சுவர். அவருடைய வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வாயில் இரண்டு திருகாணியைக் கவ்விக்கொண்டு, கூடத்துத் தரையில் யார் வீட்டு ஃபிரிட்ஜையோ கழற்றிப் போட்டிருந்தார்.

பஸ்ஸின் கூரையில் ஸ்கேலை வைத்தார் டீச்சர். ஓட்டை வழியாகக் கோடு இழுத்தார். வெளிச்சம் நேராகப் போகும், வளையாது, நெளியாது. அப்படியானால் மேலேயிருந்து இறங்கி ஓட்டைக்குள் நுழைகிற கோடு, நுழைந்த பிறகும் இறங்கிக்கொண்டேதானே போக வேண்டும்? கோடு சுவரின் அடியில் போய் முட்டியது. சக்கரத்தில் ஸ்கேலை வைத்தார். கீழேயிருந்து ஏறி வந்த கோடு, ஓட்டையைத் தாண்டி மேலும் ஏறிச் சுவரின் உச்சியில் முட்டியது.

பன்னிரண்டு வருடமாக அந்த மூன்று அட்டைகளையும் கட்டிக்கொண்டு அழுதவர், ஒரு நாளாவது அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் கோடு எங்கே போகிறது என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எந்த வார்த்தையைச் சொல்லிப் பிள்ளையை உட்கார வைத்தாரோ, அதே வார்த்தைதான் அந்தப் பிள்ளைக்குச் சாட்சியாக வந்து நின்றது.

டீச்சர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“என்னங்க! வெளிச்சம் நேராப் போறதாலதாங்க பஸ் தலைகீழாப் போகுது!”

வீட்டுக்காரர் திருகாணிகளை வாயிலிருந்து எடுத்தார். “எந்த பஸ்?”

“அத அப்புறம் சொல்றேன். எனக்கு ஃபிரிட்ஜ் வர்ற அட்டப் பெட்டி வேணும். பெருசா. நாலு ஜன்னல அடைக்கற அளவுக்கு.”

“ஊருல எல்லாப் பொண்டாட்டியும் ஃபிரிட்ஜ் கேட்டு அழுவாங்க. பெட்டி கேட்டு அழறவ எனக்குன்னு வந்து வாச்சிருக்கா” என்று அவர் சிரித்தார். ஆனால் மறுநாள் காலையில் ஸ்கூட்டரின் பின்னால் ஆறு பெட்டிகளை மடித்துக் கட்டிப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை முதல் வேலையாக டீச்சர் வகுப்பின் நடுவில் வந்து நின்றார். சுற்றி வளைக்காமல் சொன்னார். “திங்கக்கிழம நான் தப்பு பண்ணிட்டேன். தெரியாத விஷயத்தப் பொய்யின்னு சொல்லிட்டேன். அவ சொன்னது உண்ம. அவகிட்ட நான் மன்னிப்புக் கேக்கறேன்.” ஜன்னலோரப் பெஞ்சைப் பார்த்து, “மன்னிச்சுக்கோம்மா” என்றார்.

டீச்சர் மன்னிப்புக் கேட்டு அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

“அப்ப நீங்க அந்த பஸ்ஸப் பாத்துட்டீங்களா டீச்சர்?” என்று அவசரக்குடுக்கை கேட்டான்.

“இன்னும் பாக்கல. நாளைக்கு எல்லாரும் சேந்து பாக்கப் போறோம்.”

“அவ பாவம்னுதான் டீச்சர் அப்படிச் சொல்றாங்க” என்று பின்னாலிருந்து ஒரு குசுகுசுப்பு வந்தது. அது ஜன்னலோரம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் குனிந்த தலை நிமிரவே இல்லை. வாயால் சொன்ன மன்னிப்பு அரைக் கிணறுகூடத் தாண்டவில்லை என்று டீச்சருக்குப் புரிந்தது. பஸ் வர வேண்டும். வந்தே ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. காலை வெயில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து வந்து தெருவின் எதிர்வரிசைக் கடைகளின் முகத்தில் விழுந்தது. டீச்சர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, “இப்படியே இரு” என்று சூரியனுக்கு உத்தரவு போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

பத்து இருபதுக்கு மணி அடித்தது. அடுத்த பத்து நிமிடம் அந்த அறையில் நடந்ததை வகுப்பு என்று சொல்ல முடியாது. பெஞ்சுகள் ஓரம் போயின. அட்டைப் பெட்டிகள் ஜன்னல்களில் ஏறின. டேப் ஒட்டும் சத்தம், ஒட்டிய டேப் முடியில் ஒட்டிக்கொண்டு ஒருத்தி அலறும் சத்தம், “தள்ளு தள்ளு”, “நீ தள்ளு”. நான்காவது ஜன்னலும் மூடியதும் அறை மங்கியது. மங்கியதும்தான் ஒழுகல்கள் தெரிந்தன.

“டீச்சர், அங்க ஒழுகுது!”

“இங்கயும் ஒழுகுது! கதவுக்கு அடில!”

மழைக்காலத்து வீட்டில் பாத்திரம் வைக்க ஓடுகிற மாதிரி முப்பத்திரண்டு பேரும் வெளிச்சத்தை அடைக்க ஓடினார்கள். கதவிடுக்கில் பைகள், ஜன்னல் விளிம்பில் பைகள், மேலே கம்பிச் சந்தில் பைகள். பைகள் தீர்ந்ததும் ஒரு மகராசன் காலுறையைக் கழற்றித் திணித்தான். வெளிச்சம் நின்றது, பக்கத்திலிருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

“இப்ப ஓட்ட போடணும்” என்று டீச்சர் சொல்லி வாய் மூடவில்லை. அவசரக்குடுக்கை கத்திரிக்கோலோடு தெருப்பக்க ஜன்னலில் இருந்தான். இரண்டே வெட்டில், ஆரஞ்சுப் பழம் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

“ஏண்டா இவ்ளோ பெருசா!”

“நெறைய வெளிச்சம் வந்தா நல்லாத் தெரியும்ல டீச்சர்?”

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. டீச்சருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. எல்லோரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். வெள்ளையடித்த சுவரில் ஒரு கலங்கலான வெளிச்சம் விழுந்து கிடந்தது. மேலே கொஞ்சம் சாம்பல், கீழே கொஞ்சம் வெள்ளை. பஸ்ஸும் இல்லை, தெருவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மணி பத்து முப்பத்து மூன்று. டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாளில் கோடு சரியாகத்தானே வந்தது? யாரோ மெதுவாக, “பாம் பாம்” என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்போது இருட்டில் ஒரு குரல் கேட்டது.

“ஓட்ட பெருசு.”

எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பெண் தன் பெஞ்சில் ஏறி நின்றிருந்தாள். ஐந்து நாள் பேசாமலிருந்த கோபமெல்லாம் அந்தக் குரலில் இருந்தது.

“எங்க வீட்டுல ஆணி ஓட்டதான். ஆணி ஓட்டன்னாதான் வரும். இவன் சொரங்கம் வெட்டி வெச்சிருக்கான்.”

டீச்சர் மண்டையில் ஸ்கேலும் கோடும் மறுபடி ஓடின. ஓட்டை ஒரு புள்ளியாக இருந்தால் கூரையிலிருந்து ஒரே கோடு. சுரங்கமாக இருந்தால் கூரையிலிருந்தே ஆயிரம் கோடு, சக்கரத்திலிருந்து ஆயிரம் கோடு, எல்லாம் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழம்பிப் போகும். “அடைங்க! மேசைல இருக்கற கறுப்புக் காகிதத்த வெச்சு அடைங்க!” என்று கத்தினார். “பென்சில அவ கைல குடுங்க. அவ போடட்டும்.”

அவள் ஜன்னலருகே வந்தாள். கறுப்புக் காகிதத்தின் நடுவில் பென்சில் முனையை வைத்து ஒரு குத்து. உருட்டி ஓரத்தைச் சரிசெய்தாள். “இப்ப யாரும் பேசாம இருங்க. கண்ணு பழகணும். கொஞ்ச நேரம் ஆகும்” என்றாள். டீச்சர் உட்பட எல்லோரும் பேசாமல் நின்றார்கள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சுவரின் மேல்பக்கம், கூரையை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை வந்தது. கீழே தரையோரம் நீலம். நடுவில் ஏதோ சிவப்பு.

“மருந்துக் கட போர்டு!” என்று ஒருத்தி வீரிட்டாள். “மருந்துக் கட தலைகீழா நிக்குது!”

அவ்வளவுதான். அணை உடைந்தது. சாம்பல் பட்டைதான் தெரு. அது கூரையில் ஓடியது. நீலம்தான் வானம், அது அவர்கள் காலடியில் கிடந்தது. ஒரு சைக்கிள்காரர் சக்கரம் மேலாக, தலை கீழாக நிம்மதியாகப் போனார். ஒரு நாய் தெருவிலிருந்து தொங்கியபடி நின்று காலைச் சொறிந்துகொண்டது. நிறம் மாறாமல், அசைவு மாறாமல், மொத்தத் தெருவும் சுவரில் ஓடியது. குட்டிக்கரணம் போட்டுப் பார்த்தார்கள், கால்களுக்கிடையே தலையை நுழைத்துப் பார்த்தார்கள், ஒருத்தன் சுவரைத் தடவிப் பார்த்துக் கையைப் பார்த்தான். டீச்சரும் குதித்தார். பக்கத்திலிருந்த பிள்ளையின் காலை மிதித்துவிட்டு, மன்னிப்புக்கூடக் கேட்காமல் மறுபடி குதித்தார்.

“மணி என்ன டீச்சர்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“பத்து நாப்பத்தி ரெண்டு.”

அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவளைச் சுற்றி எல்லோரும் வந்து நின்றுகொண்டார்கள். ‘புளுகு பஸ்’ என்ற வார்த்தை யார் வாயிலும் இல்லை. ஆனால் பஸ் இன்னும் வரவில்லை.

பஸ்ஸுக்குப் பதிலாக மேகம் வந்தது. மருந்துக் கடையின் சிவப்பு மங்கியது. நீலம் வெளுத்தது. சுவரில் தெரு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு எல்லாம் கரைந்தது. “ஐயோ” என்று முப்பது வாய்கள் சொல்லி முடிப்பதற்குள் கதவு பைகளைத் தள்ளிக்கொண்டு படாரென்று திறந்தது. வெளிச்சம் வெள்ளமாகப் பாய்ந்து, சுவரில் மிச்சமிருந்ததையும் அடித்துக்கொண்டு போனது. வாசலில் தலைமையாசிரியர், கையில் ஒரு தாளோடு நின்றார்.

“என்ன டீச்சர் இது, ஒரே சத்தம்? அந்தக் கையெழுத்து...”

“கதவ மூடுங்க சார்!”

கத்தியது பிள்ளைகளா டீச்சரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தலைமையாசிரியரிடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி யாரும் கத்தியதில்லை. அவர் மிரண்டுபோய், வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே வந்து கதவை மூடிவிட்டார். மூடிய பிறகு கண் தெரியாமல் அங்கேயே நின்றார்.

“சார், நகராதீங்க. பை கெடக்கு, தடுக்கும்” என்றது ஒரு குரல்.

மணி பத்து நாற்பத்து நான்கு. மேகம் நகருகிற வழியாகத் தெரியவில்லை. சுவர் வெறும் சுவராக இருந்தது. பஸ் வரும், மஞ்சள் துணி ஆடும், யாரும் பார்க்க மாட்டார்கள். தலைமையாசிரியர் தாளை நீட்டுவார், கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

“கிட்டக்கப் பிடிக்கணும்” என்றாள் அந்தப் பெண் திடீரென்று.

“என்ன?”

“மழ நாள்ல சுவத்துல தெரியாது டீச்சர். அப்ப நான் ஓட்டைக்குக் கிட்டக்க ஒரு வெள்ளத் தாளப் பிடிப்பேன். சின்னதாத் தெரியும், ஆனா பளிச்சுன்னு தெரியும். தாள் குடுங்க! சீக்கிரம்!”

தாளுக்கு எங்கே போவது? நோட்டுகள் எல்லாம் பைக்குள், பைகள் எல்லாம் ஜன்னல் இடுக்கில். ஒன்றை உருவினால் வெளிச்சம் உள்ளே கொட்டும். மேசையில் இருந்ததெல்லாம் கறுப்புக் காகிதம். அவசரக்குடுக்கை தன் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்; நல்லவேளை, அது கட்டம் போட்ட சட்டை.

“சார் கைல இருக்கு!” என்று யாரோ சொன்னார்கள்.

அந்தப் பெண் இருட்டில் நேராக நடந்து போய், “குடுங்க சார்” என்று தலைமையாசிரியர் கையிலிருந்து தாளை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, பிடுங்கினாள். டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என்ன தாள் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அவள் எழுதாத பக்கத்தைத் திருப்பி, ஓட்டையிலிருந்து ஒரு முழம் தள்ளி நிமிர்த்திப் பிடித்தாள். தாளில் தெரு வந்து உட்கார்ந்தது. உள்ளங்கை அகல மருந்துக் கடை, சிவப்புப் போர்டு, மேலே தெரு, கீழே வானம். சின்னது, ஆனால் பளிச்சென்று. இரண்டு பக்கமும் தலைகள் முட்டிக்கொண்டு நெருங்கின. “ஓட்டைய மறைக்காத!”, “என் காது!”, “சார், கொஞ்சம் குனிங்க சார்!” தலைமையாசிரியர் குனிந்தார்.

வெளியே தூரத்தில் ஒரு இஞ்சின் உறுமியது.

அந்தச் சத்தத்தை அவளுக்கு முன்னால் யாரும் அடையாளம் கண்டுகொண்டிருக்க முடியாது. “வந்துட்டாங்க” என்றாள். டீச்சர் மண்டியிட்டு உட்கார்ந்து தாளின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

தாளின் விளிம்பிலிருந்து ஒரு நீல மூக்கு நுழைந்தது. பிறகு மேல்பக்கம் ஒரு சக்கரம். பிறகு ஜன்னல்கள், ஒன்று, இரண்டு, மூன்று, ஒவ்வொன்றிலும் தலைகீழாக உட்கார்ந்த மனிதர்கள். சத்தம் தெருவில் ஒரு பக்கமாகப் போக, படம் தாளில் எதிர்ப்பக்கமாகப் போனது. பஸ் மெதுவானது. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து பொட்டளவு மஞ்சள் ஒன்று வெளியே வந்து, மேல்நோக்கித் தொங்கி, இப்படியும் அப்படியும் ஆடியது.



“மஞ்சத் துணி! மஞ்சத் துணி!” என்று முதலில் கத்தியது யார் தெரியுமா? தலைமையாசிரியர். அதற்குப் பிறகு அந்த அறையில் எழுந்த கூச்சலுக்கு அட்டைகள் பிய்ந்து விழாதது ஆச்சரியம். எல்லோரும் தாளைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். “டாட்டா! டாட்டா ஆன்ட்டி!” அவசரக்குடுக்கை அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கி, “உங்க அம்மா! உங்க அம்மா தலைகீழாப் போறாங்க! நெஜமாவே போறாங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் கையை ஆட்டவில்லை, தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாளே. ஆனால் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை டீச்சர் இந்த வருடத்தில் முதல்முறையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, இருட்டுதானே என்று தாராளமாக அழுதார்.

மணி அடித்ததும் அட்டைகளைப் பாதி இறக்கினார்கள். எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். தலைமையாசிரியர் முட்டியிலிருந்த தூசியைத் தட்டி, குரலைக் கனைத்து, மறுபடி தலைமையாசிரியராக மாற முயன்றார்.

அந்தப் பெண் தாளைத் திருப்பிப் பார்த்தாள். அம்மாவின் கையெழுத்து. தன் பெயர், ‘பிரிவு மாற்றம்’. ஒருமுறை முழுக்கப் படித்தாள். டீச்சர் அவளுக்கு எதிரே வந்து நின்றார்.

“உன் இஷ்டம்தாம்மா” என்றார். “போறேன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன். உன் மேல எந்தத் தப்பும் இல்ல.”

அவள் அட்டையில் இருந்த பென்சில் ஓட்டையைப் பார்த்தாள். “திங்கக்கிழமையும் பத்தே முக்காலுக்கு வருவாங்க டீச்சர். அட்டையக் கழட்டிடாதீங்க” என்றாள். சற்று யோசித்து, “எங்க வீட்டு ஓட்டைல வெச்ச காகிதத்தையும் இன்னைக்கு எடுத்துடுவேன்” என்றாள்.

டீச்சர் டேப்பை எடுத்து, கழன்றிருந்த அட்டை ஓரத்தை மறுபடி ஒட்டினார்.

“சரி, அப்ப அந்தத் தாளக் குடும்மா. கிழிச்சுப் போட்டுடலாம்” என்று தலைமையாசிரியர் கையை நீட்டினார்.

அவள் தாளைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

“தர மாட்டேன் சார். இதுல எங்க அம்மா போயிருக்காங்க.”

நீட்டிய கையைத் தலைமையாசிரியர் மெதுவாகத் தன் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.